குடல் புற்றுநோயைப் பரப்பும் புரதம் எது? தேடிப் பிடித்து, மரபணுவை முடக்கிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் 2022-இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது. அதே ஆண்டில் சுமார் 9 லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். குடலில் இருக்கும் கட்டியைப் பெரும்பாலும் வெட்டி எடுத்துவிடலாம். ஆளைக் கொல்வது, அதிலிருந்து கிளம்பிக் கல்லீரலிலும் நுரையீரலிலும் போய்க் குடியேறியவை. குடலின் ரத்தம் போர்ட்டல் நாளம் வழியாக நேரே கல்லீரலுக்குப் போவதால், கிளம்பிய செல்கள் முதலில் சிக்குவதும் அங்கேதான்.

இந்தக் கட்டுரை ஆய்வு மாணவர்களுக்கானது. "பரவலைத் தூண்டும் ஒரு புரதத்தை எடு, அதன் மரபணுவை முடக்கினால் என்ன ஆகிறது என்று பார்" என்று கைடு சொல்லிவிட்டுப் போயிருப்பார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான்.

நோயாளியின் வீட்டார் யாராவது தேடிக்கொண்டு இங்கே வந்திருந்தால், உங்களுக்கு ஒரு பத்தி மட்டும். மரபணுவை முடக்கும் ஆர்என்ஏ மருந்து எதுவும் குடல் புற்றுநோய்க்கு இன்னும் அனுமதி பெறவில்லை. அப்படி ஒன்று தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால், அது பதிவுபெற்ற மருத்துவ ஆய்வா என்று முதலில் விசாரியுங்கள். கட்டியில் ராஸ், பிராஃப், ஹெர்2, எம்எஸ்ஐ என்ற மரபணுச் சோதனைகள் செய்தாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இன்று கையில் இருக்கும் இலக்கு மருந்துகளும் இம்யூனோதெரபியும் அந்த முடிவுகளை வைத்துத்தான் தேர்வாகின்றன.

சரி, மாணவர்களுக்கு வருவோம்.

படி 1: எந்தக் கட்டத்தைப் பற்றிய கேள்வி என்று எழுதுங்கள்

"இந்தப் புரதம் புற்றுநோயைத் தூண்டுகிறதா?" என்பது கேள்வியே ஆகாது. அதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. கட்டி உருவாக அது வேண்டுமா? உருவான கட்டியிலிருந்து செல்கள் கிளம்பிப் போய் இன்னோர் இடத்தில் ஒட்ட அது வேண்டுமா? ஒட்டிய இடத்தில் தொடர்ந்து வளர அது வேண்டுமா?

முதல் கேள்விக்கு ஓரளவு பதில் தெரியும். 1990-இல் ஃபியரனும் வோகல்ஸ்டைனும் போட்டுக் கொடுத்த வரிசை இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஏபிசி மரபணு பெரும்பாலான கட்டிகளில் முதலிலேயே கெட்டுவிடுகிறது. கேராஸ் நூற்றுக்கு 40 கட்டிகள் வாக்கில் மாறியிருக்கிறது. டிபி53 பின்னால் வருகிறது. ஆனால் ஒரே நோயாளியின் குடல் கட்டியையும் கல்லீரல் கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், இந்த முக்கிய மாற்றங்கள் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். பரவலுக்கென்று தனி மரபணு மாற்றம் அபூர்வமாகத்தான் அகப்படுகிறது. அதனால்தான் டிஎன்ஏவோடு நிற்காமல் புரதத்தின் அளவு, வேலை வரைக்கும் இறங்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளைக் குழப்பிக்கொள்வதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய தவறு என்பது என் கருத்து. நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு, நோயைக் கண்டுபிடிக்கும்போதே பரவியிருக்கும். அவருக்குச் செல் கிளம்புவதைத் தடுக்கும் மருந்து எந்த அளவுக்கு உதவும்? உங்கள் புரதம் எந்தக் கேள்விக்கு விடை என்று நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஏழாம் படியில் அந்த வரி தேவைப்படும்.

படி 2: ஒரு புரதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பழக்கத்துக்கு பிஆர்எல்-3 என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். 2001-இல் சயின்ஸ் இதழில் வோகல்ஸ்டைன் குழு எழுதியது இது: ஆராய்ந்த 18 பரவல் கட்டிகளிலும் பிஆர்எல்-3 அதிகம், பரவாத கட்டிகளிலும் சாதாரணக் குடல் திசுவிலும் குறைவு. 12 பரவல் கட்டிகளைத் துருவிப் பார்த்ததில் மூன்றில் அந்த மரபணுவே பல நகல்களாகப் பெருகியிருந்தது. இது ஒரு பாஸ்ஃபடேஸ், அதாவது மற்ற புரதங்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் நொதி.

தேடும்போது ஒரு சின்ன விஷயம். தரவுத்தளங்களில் இதன் மரபணுப் பெயர் பிடிபி4ஏ3. பிஆர்எல் என்று மட்டும் அடித்தால் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் வந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் வரைபடம் போட்டு, குழுக் கூட்டத்தில் காட்டும் வரை கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும்.

படி 3: காசு செலவழிக்கும் முன் தரவைக் கிண்டுங்கள்

இந்தப் படிக்கு லேப்டாப் போதும். சிபயோபோர்ட்டலில் மரபணு மாற்றமும் நகல் எண்ணிக்கையும் கிடைக்கும். ஜியோ தளத்தில் குடல் கட்டி, பரவல் கட்டி இரண்டின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்யச் சொல்லி மரபணுவிலிருந்து போகும் செய்தி) தரவும் உண்டு. ஹியூமன் புரோட்டீன் அட்லஸில் திசுவைச் சாயமேற்றிய படங்களைப் பார்க்கலாம். எல்லாம் இலவசம்.

முதல் பொறி, திசுக் கலப்படம். கல்லீரல் பரவலையும் குடல் கட்டியையும் ஒப்பிட்டு "பரவலில் கூடிய மரபணுக்கள்" என்று பட்டியல் எடுத்தால், உச்சியில் அல்புமினும் ஏபிஓஏ1-உம் உட்கார்ந்திருக்கும். புதிய கண்டுபிடிப்பு என்று குதிக்க வேண்டாம். வெட்டி எடுத்த துண்டோடு கொஞ்சம் கல்லீரலும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். சாதாரணக் கல்லீரல் மாதிரியின் தரவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, அதில் உயர்ந்து தெரியும் மரபணுக்களைச் சந்தேகப் பட்டியலுக்குத் தள்ளுங்கள்.

இரண்டாவது பொறி, கூட வந்தவர்கள். பிடிபி4ஏ3 எட்டாவது குரோமோசோமின் நீண்ட கையில், 8கியூ24 பகுதியில் இருக்கிறது. புற்றுநோயைத் தூண்டுவதில் பேர்பெற்ற மிக் மரபணுவும் அதே வட்டாரம்தான். கை முழுவதும் பெருகிய கட்டியில் மிக் கூடினால் பிஆர்எல்-3-உம் சேர்ந்து கூடும். பஸ்ஸை ஓட்டுவது யார், டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருப்பது யார் என்று இந்தத் தரவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம்.

மூன்றாவது பொறிதான் முக்கியம்: எம்ஆர்என்ஏ வேறு, புரதம் வேறு. 2014-இல் நேச்சர் இதழில் அமெரிக்காவின் சிபிடாக் குழு 95 குடல், மலக்குடல் கட்டி மாதிரிகளின் புரதங்களை நிறைநிரல்மானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) அளந்து வெளியிட்டது. எம்ஆர்என்ஏ அளவை வைத்துப் புரத அளவை நம்பகமாக ஊகிக்க முடியாது என்பது அதில் தெளிவாக வந்தது. பிஆர்எல்-3-க்கே இது பொருந்தும். பிசிபிபி1 என்ற புரதம் இதன் எம்ஆர்என்ஏவைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது என்று 2010-இல் சிங்கப்பூர் குழுவொன்று காட்டியது. செய்தி இருக்கும், சரக்கு இருக்காது. எனவே உங்கள் பட்டியலில் புரத ஆதாரம் இல்லாத பெயர்களைப் பென்சிலால் மட்டும் எழுதி வையுங்கள்.

டெப்மேப் தளத்தையும் பார்த்துவிடுங்கள். நூற்றுக்கணக்கான செல் லைன்களில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள்) மரபணுக்களை ஒவ்வொன்றாக அழித்து, வளர்ச்சி குறைகிறதா என்று அளந்து வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் பூஜ்யம் என்றால் பாதிப்பு இல்லை. மைனஸ் ஒன்றுக்குப் பக்கத்தில் என்றால் அந்த மரபணு இல்லாமல் செல் பிழைப்பது கஷ்டம். ஆனால் அங்கே அளப்பது தட்டில் வளரும் வேகம். கிளம்பிப் போய் ஒட்டுவதற்கு மட்டும் தேவைப்படும் புரதம் அங்கே பூஜ்யம் காட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

படி 4: செல் லைன்

எஸ்டபிள்யூ480, எஸ்டபிள்யூ620 இரண்டையும் வாங்குங்கள். இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. முதலாவது குடல் கட்டி, இரண்டாவது பின்னர் அவருடைய நிணநீர்க் கணுவில் பரவியது. ஒப்பிட இதைவிட வசதியான ஜோடி கிடைப்பது கஷ்டம். கூட டிஎல்டி-1 ஒன்று. "இன்னொரு லைனிலும் உறுதி செய்தோம்" என்று எழுதுவதற்காக எச்சிடி-15 வாங்கிவிடாதீர்கள். அதுவும் டிஎல்டி-1-உம் ஒரே ஆளின் செல்கள். வைடர் என்று விற்பதும் எச்டி-29-தான். செல்லின் அடையாளத்தை உறுதி செய்யும் எஸ்டிஆர் சோதனையும், பாக்டீரியா தொற்றைக் காட்டும் மைக்கோபிளாஸ்மா சோதனையும் முதல் வாரமே.

இந்தியாவில் வேலை செய்பவர்கள் புனே என்சிசிஎஸ் களஞ்சியத்தைக் கேட்கலாம். மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் லென்டிவைரஸைத் தொடப்போகிறீர்கள் என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழு, எலி என்றால் விலங்கு நெறிமுறைக் குழு, நோயாளித் திசு என்றால் மனித நெறிமுறைக் குழு: மூன்று விண்ணப்பங்களையும் இப்போதே போட்டுவிடுங்கள். அனுமதி வந்து சேருவதற்குள் அடுத்த இரண்டு படிகளை முடித்துவிடலாம்.

படி 5: முடக்குங்கள்

இரட்டை ஆர்என்ஏவைக் கொண்டு ஒரு மரபணுவை முடக்கலாம் என்று ஃபயரும் மெல்லோவும் 1998-இல் புழுவில் காட்டினார்கள்; அதற்கு 2006-இல் நோபல் பரிசு. 2001-இல் ஜெர்மனியில் டுஷலின் குழு, 21 எழுத்து நீளமுள்ள இரட்டை ஆர்என்ஏ துண்டு மனிதச் செல்லிலும் வேலை செய்யும் என்று காட்டியது. அதுதான் எஸ்ஐ-ஆர்என்ஏ. பொருந்தும் எம்ஆர்என்ஏவைத் தேடிப் பிடித்து வெட்ட வைக்கும்.

ஓட்டல் சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டைக் கிழிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கிழித்தாலும் மேசைக்கு வந்துவிட்ட தோசை அங்கேயே இருக்கும். அதனால் 24 மணி நேரத்தில் கியூபிசிஆரில் எம்ஆர்என்ஏ விழுந்திருக்கும். வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் அப்படியே நிற்கும். மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி ஆர்டர் போடாமல் 48, 72 மணி நேரத்தில் பாருங்கள். பழைய புரதம் சிதைந்து தீர எவ்வளவு நேரம் ஆகும் என்பது புரதத்துக்குப் புரதம் மாறும்.

பிஆர்எல்-3-இல் இன்னொரு தொல்லை உண்டு. பிஆர்எல்-1, பிஆர்எல்-2 என்று பெரிதும் ஒத்த இரண்டு உடன்பிறப்புகள். வெஸ்டர்ன் பிளாட்டில் புரதத்தைப் பிடித்துக் காட்டும் பல ஆன்டிபாடிகளுக்கு மூவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூன்றையும் தனித்தனியாக மிகை உற்பத்தி செய்த செல்களை வைத்து ஆன்டிபாடியை முதலில் சோதித்துவிடுங்கள்.

முடக்கும்போது கட்டாயம் இருக்க வேண்டியவை: ஒரே மரபணுவின் வெவ்வேறு இடங்களைத் தாக்கும் மூன்று எஸ்ஐ-ஆர்என்ஏக்கள், எதையும் தாக்காத கட்டுப்பாட்டு வரிசை ஒன்று, அப்புறம் மீட்புச் சோதனை. எஸ்ஐ-ஆர்என்ஏவின் இரண்டாவது முதல் எட்டாவது எழுத்து வரை விதைப் பகுதி என்பார்கள். அந்த ஏழெழுத்து பொருந்தினாலே சம்பந்தமில்லாத பல மரபணுக்களும் கொஞ்சம் அடங்கும். ஒரே எஸ்ஐ-ஆர்என்ஏவில் கிடைத்த முடிவு உங்கள் மரபணுவால் வந்ததா, பக்கத்து வீட்டுக்காரரால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. மீட்புச் சோதனையில், எஸ்ஐ-ஆர்என்ஏ ஒட்ட முடியாதபடி எழுத்துகளை மாற்றி, ஆனால் அதே புரதத்தைத் தரும் மரபணுவைச் செல்லுக்குள் விடுவோம். இழந்த குணம் திரும்பி வந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நொதி வேலையை இழந்த வடிவத்தையும் விட்டுப் பாருங்கள். அது மீட்கவில்லை என்றால் நொதியைத் தடுக்கும் மருந்துக்கு வாய்ப்பு உண்டு.

இதெல்லாம் கெடுபிடி என்று தோன்றினால் எஸ்டிகே33 கதையைப் படியுங்கள். கேராஸ் மாறிய செல்கள் இந்தக் கைனேஸை (மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) நம்பித்தான் வாழ்கின்றன என்று 2009-இல் செல் இதழில் ஆர்என்ஏ முடக்கத்தை வைத்து ஒரு கட்டுரை வந்தது. கேராஸுக்கு மருந்தே இல்லாத காலம் அது, எல்லோரும் துள்ளினார்கள். 2011-இல் ஆம்ஜென் நிறுவன ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்து, அப்படி ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினார்கள். இன்று ஆர்என்ஏ முடக்கத்தோடு, டிஎன்ஏவையே வெட்டும் கிரிஸ்பரிலும் ஒரு முறை சரிபார்ப்பது வழக்கமாகிவிட்டது. நீங்களும் செய்யுங்கள்.

படி 6: அளங்கள், ஆனால் எதை அளக்கிறோம் என்று தெரிந்து அளங்கள்

டிரான்ஸ்வெல் சோதனையில் துளைகள் கொண்ட சவ்வின் மேல் செல்களை விடுவோம். அடியில் எத்தனை வந்து சேர்ந்தன என்று எண்ணுவோம். சவ்வின் மேல் மேட்ரிஜெல் என்ற புரத ஜெல்லைப் பூசினால் அதைக் குடைந்துகொண்டு போக வேண்டும்.

என் இரண்டாம் ஆண்டில் ஒரு புரதத்தை முடக்கி, இந்தச் சோதனையில் எண்ணிக்கை பாதிக்கும் கீழே விழுந்ததைப் பார்த்து அன்று இரவே சுருக்கவுரை எழுத ஆரம்பித்தேன். மறுநாள் சீனியர் அக்கா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "மேலே எத்தனை செல் உயிரோட இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். எண்ணவில்லை. எண்ணிப் பார்த்தபோது மேலேயும் அதே அளவு குறைந்திருந்தது. செத்த செல் எங்கே நகரும்? அன்றிலிருந்து டிரான்ஸ்வெல் வைக்கும் ஒவ்வொரு நாளும் பக்கத்தில் ஒரு தட்டில் அதே செல்களை அதே எண்ணிக்கையில் விட்டு, அதே நேரத்தில் எண்ணுகிறேன்.

பிஆர்எல்-3-இல் இதை ஒழுங்காகச் செய்த முன்னுதாரணம் உண்டு. 2004-இல் ஜப்பானியக் குழு ஒன்று டிஎல்டி-1 செல்களில் அதை எஸ்ஐ-ஆர்என்ஏவால் முடக்கியது. நகர்வு குறைந்தது, எலியின் கல்லீரலில் குடியேறுவதும் குறைந்தது, பெருக்கம் மாறவில்லை. மூன்றாவது முடிவு இருப்பதால்தான் முதல் இரண்டுக்கும் மதிப்பு.

இன்னொன்று: ஒரே நாளில் வைத்த மூன்று வெல்கள் மூன்று சோதனை ஆகாது. வேறு வேறு நாளில், புதிதாக டிரான்ஸ்ஃபெக்ஷன் (எஸ்ஐ-ஆர்என்ஏவைச் செல்லுக்குள் செலுத்துவது) செய்து, மூன்று முறை.

முடக்கம் என்பது மருந்தாக மாறாமலேயே உயிர் காக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். பிராஃப் வி600ஈ மாற்றம் உள்ள மெலனோமா என்ற தோல் புற்றுநோய், பிராஃபை அடைக்கும் வெமுராஃபெனிப் மருந்துக்கு நன்றாகச் சுருங்கியது. அதே மாற்றம் உள்ள குடல் புற்றுநோய் ஏறக்குறைய அசையவே இல்லை. ஆம்ஸ்டர்டாமில் பெர்னார்ட்ஸ் குழு குடல் செல்களில் கைனேஸ்களை ஒவ்வொன்றாக ஆர்என்ஏ முறையில் முடக்கி, எதை முடக்கினால் இந்த மருந்து வேலை செய்யும் என்று தேடியது. அகப்பட்டது ஈஜிஎஃப்ஆர், செல்லை வளரத் தூண்டும் ஓர் ஏற்பி. பிராஃபை அடைத்தால் குடல் செல் ஈஜிஎஃப்ஆர் வழியாகப் பின்வாசலைத் திறந்துகொள்கிறது. 2012-இல் இது வெளியானது. ஈஜிஎஃப்ஆரை அடைக்கும் ஆன்டிபாடி ஏற்கெனவே கையில் இருந்ததால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 665 நோயாளிகள் கலந்துகொண்ட பீக்கன் ஆய்வில் என்கோராஃபெனிப் (பிராஃபை அடைப்பது), செடுக்சிமாப் (ஈஜிஎஃப்ஆரை அடைப்பது) ஜோடி பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.4 மாதம், வழக்கமான சிகிச்சையில் 5.4 மாதம். 2020-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. எஸ்ஐ-ஆர்என்ஏவையே மருந்தாக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் மாணவரிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

படி 7: எலி, அப்புறம் அந்த முதல் பக்க வரி

கல்லீரல் பரவலுக்கு வழக்கமான மாதிரி, எலியின் மண்ணீரலில் செல்களை ஊசியால் ஏற்றுவது. மண்ணீரல் நாளம் போர்ட்டல் நாளத்தில் சேர்வதால் செல்கள் கல்லீரலில் போய் இறங்கும். ஒளி உமிழ வைக்கும் லூசிஃபெரேஸ் நொதியைப் போட்ட செல்கள் என்றால் எலியைக் கொல்லாமலே வாராவாரம் ஒளியை அளக்கலாம்.

முன்பே முடக்கிய செல்களை ஏற்றினால் நீங்கள் கேட்பது "ஒட்டுமா?" என்ற கேள்வி. 2004 ஆய்வு கேட்டதும் அதைத்தான். கல்லீரலில் ஏற்கெனவே கட்டிகளோடு படுத்திருக்கும் நோயாளியின் கேள்வி வேறு. அதைக் கேட்க, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் மட்டும் முடக்கம் தொடங்கும் எஸ்எச்-ஆர்என்ஏ (செல்லே தனக்குள் தொடர்ந்து உருவாக்கும் முடக்கும் ஆர்என்ஏ) அமைப்பு வேண்டும். செல்களை ஏற்றுங்கள், கட்டி வளர விடுங்கள், ஒளியை அளந்து எலிகளைச் சமமாகப் பிரியுங்கள், அதற்குப் பிறகு குடிநீரில் டாக்சிசைக்ளின் கலந்து முடக்கத்தைத் தொடங்குங்கள். எதையும் தாக்காத எஸ்எச்-ஆர்என்ஏ உள்ள எலிகளுக்கும் அதே தண்ணீர். டாக்சிசைக்ளினுக்கே மைட்டோகாண்ட்ரியாவைத் தொந்தரவு செய்யும் குணம் உண்டு. சாதாரண எஸ்ஐ-ஆர்என்ஏ இதற்கு உதவாது, செல் பிரியப் பிரிய நீர்த்துப்போகும்.

வளர்ந்த கட்டி சுருங்கினால் பரவிய நோய்க்கான இலக்கு. ஒட்டுவது மட்டும் குறைந்து, வளர்ந்தது அப்படியே இருந்தால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடி வராமல் தடுக்கும் இலக்காக அதை யோசிக்கலாம். இரண்டும் பயன்தான். கட்டுரையின் தலைப்பு மட்டும் மாறும்.

படி 8: மருந்தாக்குவது பற்றி ஒரு நிதானமான கணக்கு

முதல் எஸ்ஐ-ஆர்என்ஏ மருந்தான பாட்டிசிரான் 2018-இல் வந்தது. பிறகு கிவோசிரான், இன்கிளிசிரான் எல்லாம் வந்தன. இவை எல்லாமே கல்லீரல் செல்லில் வேலை செய்பவை. உடனே மாணவர்கள் கேட்பார்கள்: "நம்ம நோயும் கல்லீரல்லதானே இருக்கு, இதையே பயன்படுத்தலாமே?" நானும் கேட்டிருக்கிறேன். முடியாது. கால்நாக் என்ற சர்க்கரையைத் தொடுத்த மருந்துகள் கல்லீரல் செல்லின் மேலிருக்கும் ஓர் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகின்றன. கல்லீரலில் குடியேறிய குடல் செல் வாடகைக்கு வந்தது. அதன் வாசலில் அந்தப் பூட்டு இருக்காது. சாவி பக்கத்து வீட்டைத்தான் திறக்கும்.

கொழுப்பு நுண்துகளில் அடைத்து அனுப்பிப் பார்த்ததும் உண்டு. ஏஎல்என்-விஎஸ்பி என்ற மருந்து கேஎஸ்பி, விஇஜிஎஃப் என்ற இரண்டு மரபணுக்களைத் தாக்கும் எஸ்ஐ-ஆர்என்ஏக்களைச் சுமந்து போனது. 2013-இல் வெளியான முதல் கட்ட ஆய்வில் 41 பேர். கட்டியின் பயாப்சியில் மருந்து இருந்தது, கல்லீரலில் பரவிய கருப்பை உள்வரிப் புற்றுநோய் ஒருவருக்கு முழுமையாக மறைந்தது. ஆனாலும் அந்த மருந்து கடைக்கு வரவில்லை. துகள் செல்லுக்குள் போனாலும் எண்டோசோம் பைக்குள் மாட்டிக்கொள்ளும். ஓர் அளவீட்டில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் வெளியே தப்பியது.

கட்டி சுருங்கினாலும் முடக்கத்தால்தான் சுருங்கியது என்று நம்பிவிட வேண்டாம். 2008-இல் எலிக் கண்ணில் ரத்தநாள வளர்ச்சியைப் பற்றிய ஓர் ஆய்வில், எந்த வரிசை கொண்ட எஸ்ஐ-ஆர்என்ஏவும் டிஎல்ஆர்3 என்ற நோயெதிர்ப்பு உணரியைத் தூண்டியே வளர்ச்சியை அடக்குவது தெரிந்தது. வேதி மாற்றம் செய்த வரிசை, அதே மாற்றம் செய்த கட்டுப்பாட்டு வரிசை, கட்டியிலிருந்து எடுத்த எம்ஆர்என்ஏ சரியான இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்ற சோதனை: மூன்றும் இல்லாமல் எலித் தரவை நான் நம்புவதில்லை. பாதுகாப்பையும் பாருங்கள், பிஆர்எல்-3 இதயத்திலும் எலும்புத் தசையிலும் சாதாரணமாகவே இருக்கிறது.

போட்டியாளர்களையும் கணக்கில் எடுங்கள். கேராஸ் ஜி12சி மாற்றம் உள்ள பரவிய குடல் புற்றுநோய்க்கு சோட்டோராசிப், பானிடுமுமாப் ஜோடி 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிஆர்எல்-3-க்கே சிங்கப்பூரில் ஆன்டிபாடி உருவாக்கி மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்கள். மாத்திரையோ ஆன்டிபாடியோ எட்டாத இலக்கு என்றால் எஸ்ஐ-ஆர்என்ஏவுக்கு நியாயம் இருக்கிறது, எட்டும் இலக்கு என்றால் "ஏன் இது?" என்று மதிப்பீட்டாளர் கேட்பார்.

வேலையைத் தொடங்கும் முன், எந்த முடிவு வந்தால் இந்தப் புரதத்தைக் கைவிடுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று எஸ்ஐ-ஆர்என்ஏவில் இரண்டு ஒத்துப்போகவில்லை என்றால், மீட்புச் சோதனை மீட்கவில்லை என்றால், கிரிஸ்பர் வேறு கதை சொன்னால் என்று வரிவரியாக. தேதி போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கி, மைனஸ் 80 ஃப்ரீசர் கதவில் ஒட்டிவிடுங்கள். எஸ்ஐ-ஆர்என்ஏ குழாயை எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும்.